வாசப்படியிலிருந்து பதினோரு அடி

போடிமெட்டு அருகில்
12 பிப்ரவரி 2024

மீனாட்சிபுரம் பெயிண்ட் மற்றும் ஹார்டுவேர்ஸ் கடை உரிமையாளர் உயர்திரு சென்னியப்பன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் கடையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் அண்ணனுக்கு எழுதும் கடிதம் அல்ல. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், நான் எஸ்டேட் எலெக்ட்ரீஷியன் பொன்ராஜைக் கட்டிக்கொண்டு மலையேறிய வாரத்தில், "இனி அவளோட பேச மாட்டேன், அவ ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர் என் அண்ணன். சொன்ன சொல்லிலிருந்து இன்றுவரை நூலளவு விலகாதவர். அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு விருப்பமில்லை. இது கடைக்காரருக்கு. சரக்கைப் பற்றிக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லாமல் அனுப்பினால் அந்தக் கடையில் லட்சுமி தங்க மாட்டாள் என்பார், கடையை ஆரம்பித்த எங்கள் அப்பா. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன ஆடிக் காற்றில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற பலாமரம் சாய்ந்துவிட்டது. அறுத்துக் காயப்போட்டு, ஆசாரி ஜின்சனைக் கொண்டு ஐந்தடி நீளத்தில் ஒரு பெஞ்சு செய்திருக்கிறேன். சாய்மானம் கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தும் உட்காரலாம். வெட்டவெளியில்தான் கிடக்கப் போகிறது. இங்கே மழை பிடித்தால் மூன்று மாதம் விடாது. மழை இல்லாத நாளில் மண்டை பிளக்கும் வெயில், வெயில் இல்லாத நாளில் பனிமூட்டம். பூப்பாறைக் கடைக்காரர் ரிஜினைக் கேட்டால், "ஏதாவது ஒண்ணு அடிச்சா மதி சேச்சி" என்கிறார், எது அடித்தாலும் போதுமாம். எண்ணெயா, வார்னிஷா, பெயிண்ட்டா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்றபடி புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அது தங்கள் ஊர்வரை வந்த செய்திதான். மகள் மாரீஸ்வரி மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். பெஞ்சு நலம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
கோமதி பொன்ராஜ்


மீனாட்சிபுரம்
1 மார்ச் 2024

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பெஞ்சு நலம் என்று அறிந்து நிம்மதி. கடையும் நலமே.

பலா நல்ல மரம். கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது. பெயிண்ட் அடித்தால் தண்ணீருக்குக் காவல்தான், ஆனால் பலாவா பலகைப்பெட்டி மரமா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பலாவில் செய்திருக்கவே வேண்டாம். வார்னிஷ் ஒரு மழைக்காலம் மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். அப்புறம் வெயிலில் வெடிப்பு விடும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், வெள்ளை பூத்துச் சொறி பிடித்தது போல உரியும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். ரிஜின் என்பவர் ஏதாவது ஒன்று அடித்தால் போதும் என்று சொல்லியிருந்தால் அவர் கடையில் ஆணி மட்டும் வாங்கவும்.

ஆளிவிதையில் எடுக்கிற லின்சீட் எண்ணெய்தான் என் யோசனை. அது மரத்துக்குள்ளே போய்விடும். மேலே தோல் கட்டாது, ஆகவே உரிவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை விட்ட பிறகு ஒரு தடவை, வருஷா வருஷம் யாராவது தேய்த்தாக வேண்டும். அங்கே யார் தேய்ப்பார்கள் என்று தாங்கள் எழுதவில்லை. மகள் மஸ்கட்டில் என்றால் கூட யார் இருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. எண்ணெயின் அளவு கணக்கிடத் தேவைப்படுவதால் கேட்கிறேன்.

இன்னொன்று. பெஞ்சு வாசப்படியிலிருந்து எத்தனை அடியில் கிடக்கிறது? கூரைத் தண்ணீர் சொட்டும் தூரமா என்று தெரிய வேண்டும்.

பெஞ்சின் நலத்துக்கு மறுபதில் எழுதவும்.

கடைக்காக,
செ.


போடிமெட்டு அருகில்
11 மார்ச் 2024

கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். கடையில் எல்லோரும் சுகம்தானே. வெயில் காலத்தில் அங்கே டர்பென்டைன் வாடைக்குத் தலைவலி வரும், மோர் நிறையக் குடிக்கவும்.

பெஞ்சு வாசப்படியிலிருந்து பதினோரு அடியில் கிடக்கிறது. கூரைத் தண்ணீர் சொட்டாது. நான் அளந்துதான் போடச் சொன்னேன். ஜின்சன் சுவரோரம் போடலாம் என்றார், நான் கேட்கவில்லை. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒருவர் நேராக வந்து அதில் உட்காரலாம், எழுந்து போகலாம். யார் வாசப்படியையும் மிதிக்க வேண்டியதில்லை. யாரோடும் பேச வேண்டியதும் இல்லை. கற்பூரம் அடித்துச் சொன்ன சொற்களை ஊரே எனக்கு அப்போது சொல்லி அனுப்பியது. அதில் பெஞ்சு வரவில்லை, கடிதமும் வரவில்லை.

யார் தேய்ப்பார்கள் என்றால் நான்தான். கூட யாரும் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மாரித்தாய் மத்தியானம் வந்து பேசிவிட்டுப் போவாள். மற்ற நேரம் பஸ் சத்தம். ஐந்தடி பெஞ்சில் ஒரு ஓரத்தில் நான் உட்கார்ந்தால் மீதி நாலடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரரை எடுத்த அன்று, பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கத்திலும் அது இல்லாமல் ஆகாது. சாயந்தரமாகிவிட்டது, மழை வேறு. கடைசியில் மாரித்தாய் தன் மகளுக்காக எடுத்து வைத்திருந்த சேலையைக் கொண்டுவந்து என் மேல் போட்டாள். இது கடைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

எண்ணெய் தேய்த்தால் பலாவின் மஞ்சள் நிறம் போய்விடுமா என்று மட்டும் சொல்லவும். பெஞ்சு நலம், தங்கள் பதிலை எதிர்பார்க்கிறது.

கோமதி


மீனாட்சிபுரம்
2 மே 2024

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெஞ்சு சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பதில் தாமதம். பால் சொசைட்டித் தேர்தல், வெயில், சரக்கு வரவில்லை என்றெல்லாம் எழுதலாம். தங்கள் கடிதத்தின் நடுவில் இருந்த ஒரு பத்திக்குக் கடையில் பதில் இல்லை. அதனால்தான் தாமதம்.

மஞ்சள் நிறம் போகும். எண்ணெய் தேய்க்காவிட்டாலும் போகும். எண்ணெய் தேய்த்தால் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும், தேய்க்காவிட்டால் சாம்பல் நிறத்துக்கு. எது வேண்டும் என்பதுதான் கேள்வி.

இரண்டு லிட்டர் லின்சீட் எண்ணெய் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அது சாம்பிள், பில் கிடையாது. முதல் தடவை டர்பென்டைன் பாதி கலந்து தேய்க்கவும், அப்போதுதான் உள்ளே இறங்கும். அரை மணி கழித்து மேலே நிற்பதைத் துடைத்து எடுக்கவும், விட்டால் பிசுபிசுக்கும். துடைக்கத் துணியும் வைத்திருக்கிறேன். கவனம், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வீட்டில் தனியாக இருக்கிறவள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. கொடியில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் மண்ணில் புதை.

பெஞ்சைக் கேட்டதாகச் சொல்லவும்.

கடைக்காக,
செ.


போடிமெட்டு அருகில்
20 மே 2024

கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சுகத்துக்கும் கடையின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பார்சல் வந்தது. வாடிக்கையாளரை ஒருமையில் எழுதுகிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன். "போடாதே", "புதை". படித்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தேன். துணியைப் பிரித்தால் பழைய வேட்டி, பச்சைக் கரை. முப்பத்தோரு வருடமாகியும் கரையை மாற்றவில்லை. துடைக்க மனம் வராமல் என் பழைய துண்டால் துடைத்தேன். வேட்டித்துணி பீரோவில் இருக்கிறது. எண்ணெய் படாத துணி பற்றிக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

பத்து நாளுக்கு முன்னால் எண்ணெய் தேய்த்தேன். நிறம் நீங்கள் சொன்னது போலவே வந்தது. ஆனால் இப்போது யோசனையை மாற்றிக்கொண்டேன். மேலே வார்னிஷ் அடித்துவிடப் போகிறேன்.

காரணம் சொல்கிறேன். மாரீஸ்வரி தினமும் போன் செய்கிறாள். வீட்டை விற்றுவிட்டு மஸ்கட்டுக்கு வந்துவிடு என்கிறாள். "அங்க விழுந்து கெடந்தா யாரும்மா பாப்பா?" என்கிறாள். கேட்கிறதில் தப்பில்லை. காய்கறி லாரி வைத்திருக்கும் யாக்கோபு ரிசார்ட் கட்ட இந்த ரோட்டோரம் முழுக்க விலை பேசுகிறார், ஓணத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார். எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் இருப்பதற்கு ஒரு காரணம் சொல் என்று மகள் கேட்டால், என்னிடம் பெஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. அதிலும் யாரும் வந்து உட்காரவில்லை.

எண்ணெய் அடுத்த வருடமும் இருக்கிறவர்களுக்கு. எனக்கு ஒரு மழைக்காலம் பளபளத்தால் போதும். வருகிற சனிக்கிழமை அடிக்கிறேன்.

கோமதி


மீனாட்சிபுரம்
24 மே 2024

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெஞ்சின் நலம் கெடாமல் இருக்க அவசரமாக எழுதுகிறேன். எண்ணெய் முழுதாகக் காயாமல் மேலே வார்னிஷ் அடிக்கக் கூடாது. அடியில் ஈரம், மேலே தோல். ஒரு மாதமானாலும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதுவும் அந்த மலைப்பனியில் காயவே காயாது. நாற்பது வருஷமாக இந்தத் தப்பைச் செய்து அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வீடு விற்பது கடையின் விஷயம் அல்ல. அதைப் பற்றிக் கடைக்கு அபிப்பிராயம் கிடையாது. பெஞ்சை மட்டும் அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கடைக்காக,
செ.


போடிமெட்டு அருகில்
19 ஜூன் 2024

கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். சுகம்தானா?

தங்கள் கடிதம் ஜூன் மூன்றாம் தேதி வந்தது. நான் அதற்கு முந்தின வாரமே அடித்துவிட்டேன். நீங்கள் எழுதியபடியே காயவில்லை. விரலை வைத்தால் விரலோடு வருகிறது. மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன்.

போன வாரம் பாஸ்போர்ட் வேலையாகக் கொச்சிக்குப் போய், மாரீஸ்வரியின் தோழி ஜிஸ்மி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தார்ப்பாய் மடித்து ஓரமாக வைத்திருக்கிறது. யாரோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வார்னிஷில் அந்தத் தடம் அப்படியே இருக்கிறது, நூல் நூலாக வேட்டி நெசவு பதிந்து, விளிம்பில் ஒரு பச்சைக் கரை ஒட்டிக்கொண்டு. பள்ளத்தாக்கைப் பார்த்து உட்காரவில்லை. ஈர மண்ணில் குதிகால் பதிந்த அடையாளம் வீட்டுப் பக்கம் இருக்கிறது. பூட்டிய கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பெஞ்சுக்கு அடியில் ஒரு பை, அதில் டர்பென்டைன் டப்பா, சுரண்டி, உப்புத்தாள் நாலு.

மாரித்தாய் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பெரியவரு ஒருத்தரு வெள்ள வேட்டி கட்டி வந்தாரு. ஒங்க கதவப் பாத்தாப்ல ஒரு ஓரமா உக்காந்திருந்தாரு. டீ குடிக்கீகளான்னு கேட்டேன், வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. நீங்க வெள்ளிக்கெழமதான் வருவீகன்னும் சொன்னேன். வந்த ஒடனே ஒரு தடவ என்னமோ சத்தம் குடுத்த மாதிரி இருந்துச்சு, பஸ்ஸு எரைச்சல்ல வெளங்கல. ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு மூணாவதுல ஏறிப் போனாரு."

கடையிடம் என் கேள்வி. இந்தத் தடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டுமா, விட வேண்டுமா? பதில் வரும்வரை தொட மாட்டேன். ஓணம் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது.

கோமதி


மீனாட்சிபுரம்
14 ஜூலை 2024

அன்புள்ள கோமதிக்கு,

உன் அண்ணன் பெண்டாட்டி, நங்கையா ஜானகி எழுதிக்கொண்டது. எனக்கு முட்டி வலி தவிர வேறு நோவு இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இத்தனை வருசத்தில் நானும் ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். உன் அண்ணனுக்குப் பயந்து போடவில்லை. பயந்துகொண்டே இருந்துவிட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவர் கடைப்பெட்டியில் உன் கடுதாசிகளைப் பார்த்தேன். ஜூன் மாசம் பொள்ளாச்சிக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று விடியாமல் கிளம்பினவர் மறுநாள்தான் வந்தார். வேட்டியின் பின்பக்கம் பூராவும் பசை, இலையும் தூசியும் ஒட்டி. "என்னங்க இது?" என்றால், "வார்னிஷ் டப்பா கவுந்துபோச்சு" என்றார். டப்பா கவிழ்ந்தால் முன்பக்கம்தானே ஆகும். கடைச் சுவரில் 'காயும்வரை தொடாதீர்' என்று போர்டு எழுதி வைத்திருக்கிற மனுசன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வேட்டியைத் துவைக்க விடமாட்டேன் என்கிறார்.

நீ இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உன் வீட்டுக்காரர் போன செய்தி வந்த அன்று அவரே கடைவீதிக்குப் போய்க் கோடிச்சேலை எடுத்தார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். போடி வரைக்கும் போயிருக்கிறார். மலையேறுகிற பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். "எழவு ஊட்டுக்குப் போயிப் படியேறாம எப்படி நிக்கிறது, சாமிகிட்ட சொன்ன சொல்லு இருக்குதே" என்றார். அந்தச் சேலை இன்னும் கடை அலமாரியில் லின்சீட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணெய் வாடை ஏறிப்போயிருக்கும்.

உன் கடைசிக் கடுதாசிக்குத் தினமும் உட்கார்ந்து எழுதுகிறார், கிழிக்கிறார். இத்தனை வருசம் பெயிண்ட் விற்றவன் ஈர வார்னிஷில் போய் உட்கார்ந்தேன் என்று எப்படி எழுதுவது என்று மானம் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆவணியில் எங்கள் மகன் பிரதீப் பெண்டாட்டிக்குப் பிரசவம், நான் பெங்களூர் போனால் ஆறு மாசம் ஆகும். இவர் தனியாகத்தான் கிடப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

ஜானகி


மீனாட்சிபுரம்
10 செப்டம்பர் 2024

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெஞ்சின் நலம் அறியாமல் மூன்று மாதம் ஆகிறது. தவறு கடையுடையது.

தாங்கள் கேட்டதற்குப் பதில். முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். தடம் இருக்கிற இடத்தில் தண்ணீர் இறங்கும், மரம் கெடும். டர்பென்டைனால் ஊறவைத்து, சுரண்டியை மரத்தின் ஓட்டத்திலேயே இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பத்து நாள் காயவிட்டுத் திரும்பவும் எண்ணெய். வேறு எதுவும் வேண்டாம். எண்ணெய்தான் சரி.

உட்கார்ந்த ஆளைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருந்தீர்கள். அவர் கடையிலிருந்து வந்தவர். வார்னிஷ் காய்ந்திருக்காது என்று அவருக்குத் தெரியும், அதைச் சரிசெய்யத்தான் சாமானோடு வந்தார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்தார். விற்றுவிட்டுப் போயாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடை அம்மாள் வெள்ளிக்கிழமை வருவார்கள் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் அவருக்கு அப்போது இல்லை. வெள்ளிக்கிழமைவரை இருந்திருக்கலாம். எழுந்தபோது வேட்டி இருந்த நிலையில் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

இனிமேல் ஒரு ஏற்பாடு. வைகாசியிலும் கார்த்திகையிலும், வருஷம் இரண்டு தடவை, கடையிலிருந்து ஆள் வந்து எண்ணெய் தேய்த்துக் கொடுப்பார். வாசப்படி ஏற மாட்டார். பேச மாட்டார். தண்ணீர் கொடுப்பதானால் பெஞ்சில் வைத்தால் எடுத்துக் குடிப்பார். தாங்கள் மறு ஓரத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை இந்தச் சேவை உண்டு. ஆகையால் பெஞ்சும் அதன் வீடும் இருக்கிற இடத்திலேயே இருப்பது உத்தமம் என்பது கடையின் அபிப்பிராயம்.

மறுபதில் உடனே எழுதவும்.

செ.


போடிமெட்டு அருகில்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இனிக் கடைக்காரர் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நங்கையா பெங்களூர் போயிருப்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

உங்கள் கடிதம் ஓண விடுமுறையெல்லாம் கழிந்து, இருபத்தொன்றாம் தேதி வந்தது. ஓணத்துக்கு முதல் நாள் யாக்கோபுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை முழுக்க, ஆகஸ்ட் முழுக்க, தபால்காரர் வரும் நேரத்துக்கு மறு ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். நங்கையா கடிதம் வந்தது. பொறுத்துக்கொள் என்றிருந்தது, பொறுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் மழை விட்டதும் வார்னிஷ் ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. தடமும் அதோடு காய்ந்துவிட்டது. செப்டம்பர் வந்தது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு வரி போதுமாக இருந்தது அண்ணா. எண்ணெய், வார்னிஷ் என்று என்னத்தையாவது எழுதியிருக்கலாம். மாரீஸ்வரி அன்று போனில் அழுதாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லை மாற்ற எனக்கும் தெரியாது, நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

அக்டோபர் பத்தாம் தேதி விமானம். யாக்கோபு வீட்டை மட்டும்தான் வாங்கினார், பெஞ்சை நான் விற்கவில்லை. பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குப் போகும் அவருடைய லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். உங்கள் வாசலில், படிக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள். தடத்தை நான் சுரண்டவில்லை. மரம் கெடும் என்றீர்கள், கெட்டால் கெடட்டும், அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கோடிச்சேலையை அனுப்ப வேண்டாம். காலம் கடந்து கட்டக் கூடாது என்பார்கள். நீங்கள் போடி வரைக்கும் வந்தீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அது தெரியாமல் இரண்டு வருடம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன்.

மாரீஸ்வரியின் விலாசம் கீழே. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை
கோமதி


மீனாட்சிபுரம்
15 டிசம்பர் 2024

கோமதிக்கு,

பெஞ்சு பத்திரமாக வந்து சேர்ந்தது. கடை வாசலில் பதினோரு அடி விட்டுப் போட்டால் பாலக்காட்டு பஸ் அதன் மேல்தான் ஏறும். அதனால் ஊட்டு வாசலில் போட்டிருக்கிறேன், அளந்துதான்.

கார்த்திகையில் வேலையை முடித்தேன். நாலடிக்கு வார்னிஷைச் சுரண்டி எடுத்து எண்ணெய் தேய்த்தேன். ஆறு நாள் ஆனது. இப்போது நல்ல நிறம். தடம் இருக்கிற ஓரத்தைத் தொடவில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு வேலையைப் பாதியில் விட்டது இதுதான் முதல் தடவை. ஊட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அங்க மட்டும் உட்டுட்டீங்க?" என்கிறார்கள். அது அப்படித்தான் என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஜானகி பெங்களூரில். பேரன் பிறந்திருக்கிறான். கடை சாத்தி வந்ததும் அந்த ஓரத்தில்தான் உட்காருகிறேன், எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. மீதி நாலடி என்னைப் பார்க்கிறது என்று நீ எழுதியிருந்தாய். படித்தபோது, தனியாக இருக்கிறவள் என்னவோ எழுதுகிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது என்னைப் பார்க்கிறது.

மூன்று மாதம் ஒரு வரி எழுதாமல் போனதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. மானம் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எதிர்க்கடை அம்மாள், ஏதோ சத்தம் கேட்டது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அது நான்தான். பூட்டு எனக்குக் கண்ணில் படுவதற்கு முன்னால், தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு, "கோமதி" என்று கூப்பிட்டேன். முப்பத்தோரு வருஷமாகக் காத்த சத்தியத்தை அன்றைக்கு விட்டேன், கேட்க நீ இல்லை. ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டது பேச்சில் சேருமா என்று பூசாரியிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சேரட்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் பெஞ்சின் நலம் கேட்டேன். பெஞ்சு இப்போது என் கண்ணெதிரில் கிடக்கிறது, அதைக் கேட்க வேண்டியதில்லை.

நீ நல்லா இருக்கியா, அம்மிணி?

அண்ணன்
சென்னியப்பன்